ஒரு சொட்டும் ஒழுகாத பை

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த வருஷம் நான் புத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழிக்கிற வேலையில் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் கஜக்கோலும் கையுமாக நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் அன்றைக்குக் கறி எடுப்பார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்குவார்கள். நான் விடிந்ததும் மலைக்குப் போய்விடுவேன்.

மலையில் எனக்கு ஒரு ஜோலியும் கிடையாது. விறகு வெட்ட மாட்டேன், தேன் எடுக்க மாட்டேன், சாமி கும்பிடக்கூடப் போகவில்லை. நாராயணவனம் பக்கத்து மலைகளில் ஏறுவேன். அங்கே அருவி விழுகிற பள்ளங்களைக் கோனை என்பார்கள். ஏதாவது ஒரு கோனையில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் இறங்கி வருவேன். இதை ஊரில் ஒருத்தருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. கடை முதலாளி நான் புதையல் தேடுகிறேன் என்று முடிவு கட்டி, கிடைத்தால் தன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என் மனைவியின் சந்தேகம் வேறு. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாரா வாரம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நாராயணவனம் பக்கம் போகிறவன் எதற்குப் போவான் என்று அவள் யோசித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்துவிட்டாள். நான் பாறையில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறபோது, மேலே புதரை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அருவியும் குரங்கும் தவிர யாரும் இல்லை.

"எங்கே அவ?" என்றாள்.

"எவ?"

"யாருமே இல்லியா? சும்மாவா குந்திக்கினு கீறீங்க?"

"சும்மாதான்."

அவள் முகத்தில் வந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு பெண் இருந்திருந்தால்கூட அவளுக்குச் சமாதானம் ஆகியிருக்கும் போலிருந்தது. கல் ஏறி வந்த கோபத்தில் என் தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டாள். பிறகு காலைத் தண்ணீரில் விட்டாள். "அடுத்த வாரம் சோறு ஜாஸ்தி கட்டணும்" என்றாள் கடைசியில்.

அப்புறம் இரண்டு பேராகப் போனோம். சோறும் இரண்டு மடங்கு, சொம்பும் இரண்டு. எல்லாவற்றையும் ஒரு ஜோல்னாப் பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவேன். ஒருநாள் வழுக்குப்பாறையில் அந்தப் பை முன்பக்கம் சரிந்து முழங்காலை இடித்தது. பையைப் பிடிப்பதா பாறையைப் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசித்துப் பையைப் பிடித்தேன். சோறு தப்பித்தது, மணிக்கட்டு தப்பவில்லை.

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள நூறு மைலிலிருந்து எங்கள் ஊருக்கு வண்டி கட்டி வருவார்கள். எனக்கு வண்டிச் செலவு மிச்சம். கட்டு கட்டுகிறவர் மூலிகையை அரைத்து அப்பி, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றினார். சுற்றிக்கொண்டே எப்படி விழுந்தாய் என்று கேட்டார். சொன்னேன். வரிசையில் உட்கார்ந்திருந்த கால் ஒடிந்தவர்கள், இடுப்புப் பிடித்தவர்கள் எல்லோரும் வலியை மறந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "ரெண்டு கையும் சும்மா இருந்தா விழுந்திருப்பீங்களா?" என்றாள்.

"மாட்டேன்."

"அப்போ மூட்டைய முதுகுல கட்டிக்கினா இன்னா?"

அவள் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். தையல் அவளுடைய நைனா சீதனமாகக் கொடுத்த மெஷினில். பட்டணத்துப் பழைய சாமான் கடையிலிருந்து யாரோ வாங்கி வந்து போட்டிருந்த மிலிட்டரி லாரியின் கித்தான் ஒன்றை நான் பிடித்துக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தெரிந்த தையல் ஒன்றே ஒன்றுதான். அதனால் உலகத்தில் முதன்முதலாக என் முதுகில் ஏறிய அந்தப் பைக்கு இரண்டு கைத்துளை, கழுத்து வளைவு, முன்பக்கம் ஐந்து கொக்கி எல்லாம் இருந்தன. மெஷின் ஊசி மூன்று உடைந்தது. மிச்சத்தைக் கோணி ஊசியால் தைத்தாள். போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "கட்டு முதுகுக்கும் போட்டுட்டாங்களா?" என்று கவலையாக விசாரித்தார்.

ஆனால் கைக்கட்டைப் பிரித்துவிட்டு மலைக்குப் போனபோது அது அற்புதமாக வேலை செய்தது. நாலு கால் பிராணி மாதிரி இரண்டு கையாலும் பாறையைப் பற்றி ஏறினேன். ஏழெட்டு வாரம் வெட்டியும் ஒட்டியும் மாற்றினோம். கொக்கி போனது, வார் வந்தது. கழுத்து வளைவு போனது, மழைக்கு மூடி வந்தது. மெழுகைக் காய்ச்சிப் பூசிப் பார்த்தோம். லாரி டயரின் பழைய டியூபை வெட்டி உள்ளே ஒட்டிப் பார்த்தோம். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ராத்திரி உத்தரத்தில் மாட்டினோம், காலையில் கீழே தரை காய்ந்து கிடந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி கெட்டது. இதை விற்கலாம் என்று தோன்றியது.

யாருக்கு விற்பது? இரண்டு கையையும் வீசிக்கொண்டு மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் எங்கே இருப்பார்கள்? திருப்பதியில்தான். ஐந்து பையைத் தூக்கிக்கொண்டு, வடமாலப்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, மலைப்படி ஆரம்பிக்கிற அலிபிரியில் போய் நின்றேன்.

பக்தர்கள் தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் செம்பு என்று ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பையை மாட்டிக்கொண்டு படியில் ஏறியும் இறங்கியும் காட்டினேன். இது ஏதோ ஒரு வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காக்கிக் கலரைப் பார்த்து ஒரு கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. மூட்டை சுமக்கிற கூலிக்காரர் ஒருத்தர் பக்கத்தில் வந்து, "ஏம்பா, அவனவன் மூட்டைய அவனவன் தூக்கிக்கினா நாங்க இன்னா துன்றது?" என்றார். நியாயமான கேள்வி. அவரிடமே ஒன்றை விற்கலாமா என்று பார்த்தேன். தலைதான் தனக்குச் சௌகரியம் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் மனசு விட்டுப்போய்ப் பைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய மீசைக்காரர் ஒருத்தர் வந்தார். வந்தவர் ஒரு பையை எடுத்து உள்ளே கையை விட்டு டியூபைத் தடவினார்.

"இது ஒழுகுமா?"

"எவ்ளோ மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள போவாதுங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும். உள்ள கீறது வெளிய வருமா?"

இப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர். ரசம் கொண்டுபோவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "வராது" என்றேன். ஐந்தையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் மலை ஏறுவீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"தினம்" என்றார். "எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாருமே மலைன்னா உசுர விடுவாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் ஒருத்தன்தான் பைத்தியம் என்று இருந்தேன். ஒரு ஊரே இருக்கிறது!

அந்த ஊரிலிருந்து ஆர்டர் நிற்கவே இல்லை. மீசைக்காரர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கேட்பார். பை இன்னும் ஒல்லியாக, நீளமாக வேண்டும். வெளிப்பாக்கெட் வேண்டாம். நடந்தால் சத்தம் வரக்கூடாது. கலர் கறுப்பாக இருந்தால் நல்லது. நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். உண்மையான மலைப்பிரியனுக்குத்தான் இவ்வளவு நுணுக்கம் தெரியும்.

"மலை பாக்கப் போறவனுக்குச் சத்தம் வந்தா இன்னா?" என்றாள் என் மனைவி.

"பறவைங்க பயப்படும்."

"கறுப்பு எதுக்கு?"

"அழுக்குத் தெரியாது."

"சரி, ஒழுகக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரே, அது எதுக்கு?"

"ரசம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. ஜவுளிக் கடை வேலையை விட்டுவிட்டேன்.

தொழில் என்று ஆனதும் பெயர்ப்பலகை வேண்டுமே. அப்போது எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று டீக்கடையில் டம்ளர் உருளும். தமிழில் பலகை எழுதினேன். ஒருத்தர் வந்து, "தெலுகு லேதா?" என்று கேட்டார். மேலே தெலுங்கில் எழுதினேன். இன்னொருத்தர் வந்து, "தமிழ் கீழயா?" என்று முறைத்தார். பலகையைக் கழற்றிவிட்டு ஒரு பையை மாட்டினேன். எழுத்துத் தகராறுக்கும் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பையிலும் ஒரு பக்கம் 'புத்தூர்' என்று தமிழிலும், மறுபக்கம் தெலுங்கிலும் நூலால் தைத்தாள். வாரைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம். போகிற ஊருக்குத் தக்கபடி எழுத்தை வெளியே காட்டிக்கொள்ள வேண்டியது.

ஒரு காலை, மலைச்சரிவில் நாங்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே ஒற்றையடிப் பாதையில் எட்டு ஆட்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். எட்டு முதுகிலும் எங்கள் பை. என் வாழ்க்கையில் அதைவிட அழகான காட்சியை நான் கண்டதில்லை. "அண்ணா! நம்ப பைதான்!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டியபடி காக்கிப் பையோடு அவர்களை நோக்கி ஓடினேன். எட்டுப் பேரும் எட்டுத் திசையில் பாய்ந்தார்கள். ஒருத்தர் முள்புதருக்குள் தலைகீழாகப் போனார்.

"கூச்சப்படறாங்க" என்றேன்.

என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். காற்றில் புளித்த வாசனை ஒன்று மிதந்தது. "வாங்க, ஊட்டுக்குப் போவலாம்" என்றாள். அன்றைக்கு அருவிவரை போகவில்லை.

நாலு நாள் கழித்து மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கான்ஸ்டபிள் கையில் எங்கள் பை ஒன்று, உப்பிப்போய், கனமாக.

"ஈ சஞ்சி எவரிதி?" என்றார். இந்தப் பை யாருடையது என்று கேட்கிறார்.

இத்தனை தூரம் விலாசம் தேடி வந்திருக்கிறாரே என்ற பூரிப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மாதேனண்டி!" என்றேன். எங்களுடையதேதான் ஐயா. அதோடு நிற்காமல், அடித்தையலைப் பாருங்கள், இரட்டைத் தையல், இந்த மாதிரி வேறு எங்கேயும் கிடைக்காது என்றும் சொன்னேன். கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சந்தோஷமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனை அவர்கள் பார்த்ததில்லை. நடுத்தெரு வழியாக என்னை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

பையின் மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டியபோதுதான் எனக்கு உலகம் தெரிந்தது. கண் எரிந்தது. அது ரசம் இல்லை.

"எத்தன நாளா சாராயம் காச்சறே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், இந்தத் தடவை தமிழில்.

"சார், நான் அருவி பாக்கப் போறவன் சார்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துடுவேன் சார்."

"அருவிய எதுக்குப் பாக்கறே?"

இந்தக் கேள்விக்கு நான் என் மனைவிக்கே ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "தண்ணி மேல இருந்து கீழ விழும் சார்" என்றேன். இவன் குடித்திருக்கிறானா என்று வாயை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன். தயிர்சாதம்.

அதற்குள் என் மனைவி கையில் காகித அளவுகளும் கத்திரிக்கோலுமாக வந்துவிட்டாள். பையைத் தைத்தது தான்தான், கூட்டிக்கொண்டு போவதானால் தன்னைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். பிறகு, "சார், ஜவுளிக் கடையில வாங்குன வேட்டியக் கட்டிக்கினு ஒருத்தன் திருடப் போனா, கடைக்காரரையா புடிப்பீங்க?" என்று கேட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். பையைத் தூக்கிப் பார்த்தார். அடியைத் தடவினார், விரலை முகர்ந்தார். "புடிச்சு நாலு நாளாச்சு. மூலையிலயே கெடந்துது. ஒரு சொட்டு ஒழுகலையே!" என்றார். குரலில் போலீஸ் கொஞ்சம் குறைந்திருந்தது. "எப்படிம்மா தைச்சே?"

அவள் சொன்னாள். டியூபை எப்படி வெட்டுவது, மூலையை எப்படி மடிப்பது, மெழுகை எந்தச் சூட்டில் பூசுவது. கான்ஸ்டபிள்களும் நெருங்கி வந்து கேட்டார்கள். அவர்களும் பாவம், மலை மலையாக ஏறி இறங்குகிறவர்கள்தானே. கூஜாவைக் கையில் தூக்கிக்கொண்டு திருடனை விரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருத்தர் சொன்னார். என்னைப் பிடித்துப்போன இடத்திலேயே ஆறு பைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு அவள் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தாள். வழி நெடுக என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருமுனையில் மட்டும், "ரசம்!" என்றாள்.

மீசைக்காரர் அப்புறம் வரவில்லை. அந்த ஊர் ஆம்பளைகளின் மலைப்பிரியமும் அதோடு போயிற்று. கறுப்புப் பைகள் ஒல்லியும் நீளமுமாக வீட்டில் குவிந்து கிடந்தன. அவற்றில் சோற்றுத்தூக்குக்கூட நுழையாது. என்ன செய்வது என்று தெரியாமல் துடைப்பம், குடை எல்லாம் போட்டு மாட்டிவைத்தேன்.

அப்போதுதான் எல்லையை அளக்க இரண்டு பக்கத்து சர்வே ஆட்களும் எங்கள் வட்டாரத்துக்கு வந்தார்கள். சங்கிலி, கொடி, மூன்று கால் கருவி எல்லாம் இருந்தன. ஊர் வரைபடங்களைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அலைந்தார்கள். நம் சப்-இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார். சுருட்டின வரைபடம் அந்தச் சாராயப் பைக்குள் அளவெடுத்துச் செய்த மாதிரி இறங்கியது. நனையாது, கசங்காது. மெட்ராஸ்காரர்கள் பத்து வாங்கினார்கள். அதைப் பார்த்து ஆந்திராக்காரர்கள் பன்னிரண்டு வாங்கினார்கள். அவர்கள் தெலுங்கை வெளியே திருப்பி மாட்டினார்கள், இவர்கள் தமிழை. வாசனை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அது கித்தான் வாசனை என்று சொன்னேன்.

இரண்டு கூட்டமும் ஒருநாள் நகரிக்கு அந்தண்டை என் மாமனார் ஊரில் எதிரெதிரே வந்து சேர்ந்தார்கள். என் மாமனார் விவசாயி, யாருக்கும் விரோதமில்லாதவர். இரண்டு பேரையும் ஒரே புளியமரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பைகளைக் கழற்றி மரத்தடியில் சாய்த்தார்கள். கிளம்பும்போது ஆளுக்கொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள். கறுப்புப் பை, ஒரே மாதிரி; எழுத்து மரத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "எங்க ஊரு மேப்ப ஆந்திராக்காரன் எடுத்துக்கினு பூட்டான்! அவனுது இவங்க கையில கீது! இன்னா பையி தைக்கிறீங்க நீங்க?"

"யாரு ஊர்ல நைனா மாறிச்சு?" என்றாள் என் மனைவி. "மோர் குடுக்கறப்ப பாத்துக் குடுத்திருக்கணும்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு முகாமுக்கும் அலைந்து பைகளை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தர், இரண்டு வரைபடத்திலும் அந்த ஊர் ஒரே மாதிரிதான் இருந்தது, அதனால் மாறினதே தெரியவில்லை என்றார். அதன்பிறகு ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு நூலும் இன்னொரு கூட்டத்துக்குப் பச்சை நூலும் வாரில் தைத்துக் கொடுத்தாள் அவள்.

முடிவில் புத்தூர் ஆந்திராவில் நின்றது. மாமனார் ஊர் மெட்ராஸுக்குப் போயிற்று. பெரியவர்கள் உட்கார்ந்து என்னென்ன கணக்குப் பார்த்து முடிவு செய்தார்களோ, என் மாமனார் மட்டும் கடைசிவரை அந்தப் பை மாறினதால்தான் இப்படி ஆயிற்று என்று நம்பினார். நல்லதாயிற்று என்கிறாரா, கெட்டதாயிற்று என்கிறாரா என்பது அவரைப் பார்க்க வந்திருக்கிற ஆளைப் பொறுத்தது. என் மனைவி அங்கே போகும்போதெல்லாம், "ராஜ்யம் தாண்டி அம்மா ஊட்டுக்குப் போறேன், வர நாலு நாளாவும்" என்பாள். முன்பெல்லாம் இரண்டு நாளில் வந்துவிடுவாள்.

சர்வே ஆட்கள் போனபிறகு திருப்பதியில் சின்னதாக ஒரு கடை பிடித்தோம். காக்கியையும் கறுப்பையும் விட்டுவிட்டு அவள் கித்தானை மஞ்சளில் முக்கினாள். தேங்காய்க்கு ஒரு அறை, செருப்புக்கு வெளியே ஒரு அறை வைத்தாள். நான் விற்க முடியாமல் திரும்பிய அதே படியில் பக்தர்கள் கேட்டு வாங்கினார்கள். என்னைத் துணி வெட்ட விடுவதில்லை. மாட்டிப் பார்க்கிற வேலை எனக்கு.

கடை வைத்த மறு வருஷம் பலமனேரிலிருந்து ஒரு பால்காரர் வந்தார். பையைத் தோளில் மாட்டி, கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, நீள அகலம் கேட்டார். இதுவும் சாராயமோ என்று நான் உஷாரானேன்.

"உள்ள இன்னா வெக்கப் போறீங்க?" என்றேன்.

"கன்னுக்குட்டி" என்றார்.

மேய்ச்சலுக்குப் போன பசு மலைமேலேயே ஈன்றுவிட்டால், கன்றைத் தோளில் போட்டு இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறதாம். என் மனைவி அவர் சொல்லி முடிக்குமுன்பே நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் பலமனேர் போனோம். பிறந்து இரண்டு நாள் ஆன செவலைக் கன்று ஒன்றை நான் பிடித்துக்கொள்ள, அவள் மார்பு, வயிறு, கால் உயரம் எல்லாம் அளந்து சொன்னாள். பால்காரர் எழுதிக்கொண்டார். இடுப்பளவு எடுக்கும்போது கன்று என் முழங்காலில் ஒரு உதை விட்டது.

"ரெண்டு விரல்கட லூஸா வைம்மா" என்றார் பால்காரர். "வளர்ற வயசு."